வருகைப் பதிவேடு

செவ்வாய் விடியப்புறம் நாலே முக்கால்.
மரைன் டிரைவில் ஒரு ஓட்டோவும் இல்லை.
இரவு வேலை முடித்தவன் மாதிரிக் கடல்
கருங்கல்லில் சாய்ந்து மூச்சு விடுகிறது.

எண்ணூறு மீற்றர், ஆறு தரம்,
ஒவ்வொன்றும் நாலு நிமிடத்துக்குள்.
தொடர்மாடி வாசலில் தொடங்கி
மூடி களவுபோன கான் வரைக்கும் நானூறு,
திரும்பி வர நானூறு.
தூரம் எனக்குப் பழக்கம்தான்.
ஞாயிறுகளில் பருப்பு அவிகிற பொறுமையோடு
பாணந்துறை வரைக்கும் போவேன்.
வேகம்தான் கடன்காரன்,
வாசலில் நின்று, இப்பவே வை என்கிறான்.

முதலாவது, மூன்று ஐம்பத்தொன்று.
மடைத்தனம்.
சம்பளத்தை இரண்டாம் திகதியே முடித்துவிட்டேன்,
இனி மாதம் முழுக்கக் கிடக்கிறது.

வாசலில் காவலுக்கு இந்துனில்,
மொணராகலைப் பெடியன், இருபத்திரண்டு வயது.
காதை மூடிய கம்பளித் தொப்பி,
மடியில் பெரிய கொப்பி:
இலக்கம், வந்த நேரம், போன நேரம், காரணம்.
இந்த நேரத்தில் வாகனம் ஏது?
போன கிழமையிலிருந்து
அவன் என்னைத்தான் எழுதுகிறான்.

இரண்டாவது மூன்று ஐம்பத்தெட்டு.
மூன்றாவதும் அதே.
நான்காவதில் தொடை கதைக்கத் தொடங்கியது:
நாற்பத்தாறு வயது,
சுங்கத் தரகர் கந்தோரில் பத்து மணித்தியாலம் கதிரை,
நேற்றிரவு தின்ற கொத்துரொட்டி.
ஒன்றும் மறக்காத தொடை.

இதே வெள்ளவத்தையில்
இருபது வயதில் பஸ்ஸைத் தவறவிடுவேன்,
ஓட மாட்டேன்.
"ஓடினா, ஏன் ஓடுறாய் எண்டு கேப்பாங்கள்"
என்று சொல்லியிருந்தாள் அறையில் கூட இருந்த புனிதமலர்.
சென்றி தாண்டும்வரை
கையில் அடையாள அட்டை,
காலில் கலியாண வீட்டு நடை.
லொட்ஜ் கொப்பியில் பெயர், ஊர்,
வந்த திகதி, வந்த காரணம்.
படிப்பு என்று எழுதுவேன்.
எழுத்து மட்டும் சாய்ந்து
கட்டத்துக்கு வெளியே ஓடும்.

ஐந்தாவதுக்குக் காற்று எதிரே.
நாலு நிமிடம் இரண்டு செக்கன்.
இரண்டு செக்கன் என்பது ஒரு தும்மல்.
அதற்காக உலகத்திடம் மன்னிப்புக் கேட்கிறவள் போலக்
குனிந்து முழங்காலைப் பிடித்து நிற்கிறேன்.
போட்டிக்குப் பத்தொன்பது நாள்.
யாரும் கேட்கவில்லை, யாருக்கும் நட்டமில்லை,
வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம்.

ஆறாவது திரும்பலில்
களுத்துறைப் பக்கமிருந்து ரயில் வந்தது.
யன்னல்கள் மஞ்சளாய், நித்திரை முகங்கள்,
படியில் தொங்கியவர்கள் என்னைக் கண்டார்கள்.
ஒருவன் சாப்பாட்டுப் பையை உயர்த்தி
"துவன்ன அக்கே, துவன்ன!" என்று கத்தினான்.
ஓடு, அக்கா, ஓடு.
இந்த நகரத்தில் சத்தம் போட்டு
யாரும் எனக்கு அதைச் சொன்னதில்லை.
நாலு பெட்டி கடக்கும்வரை
ரயிலோடு ரயிலாகப் போனேன்.
பிறகு அது போனது, நான் வந்தேன்.

வாசலில் பார்த்தால்
மணிக்கூட்டை அமத்தவே இல்லை.
நேரம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இந்துனில் கொப்பியை விரல்வைத்துப் பார்த்தான்.
போனது ஐந்து முப்பத்தொன்று,
வந்தது ஐந்து முப்பத்தைந்து.
"செக்கனுக்குக் கட்டம் இல்லையே, மிஸ்."
காரணத்துக்கு நேரே என்ன எழுதியிருக்கிறாய் என்றேன்.
வெட்கத்தோடு வாசித்தான்:
"ஓடுகிறார். எங்கேயும் போவதில்லை."

சரியில்லை என்றால் நீங்களே எழுதுங்கள் என்று
பேனையை நீட்டினான்.
குனிந்தேன்.
மூக்கு நுனியிலிருந்து வியர்வை விழுந்து
ஐந்து முப்பத்தைந்தில் ஒரு ஐந்து கரைந்தது.
இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சந்தியில் சூன்பாண் ஓட்டோ
அந்தப் பழைய மெட்டை வாசித்துக்கொண்டு திரும்பியது.
காசு கொண்டுவரவில்லை.
இரண்டு கிம்புலா பணிஸ்,
இந்துனிலிடம் கடன்.